அசையாமல் ஒரு மணி நேரம்

ஒரே ஒரு தும்மல்தான். அதில் வீடே அப்படியே நின்றுவிட்டது.

காலை எட்டரை மணி. ஒரு காலில் செருப்பை மாட்டி, மறு காலால் இன்னொன்றைத் துழாவிக்கொண்டிருந்தவள், முழங்கையை மடக்கி மூக்கில் வைத்துத் தும்மினாள். படியில் பாதி இறங்கியிருந்த கணவன் திரும்பிப் பார்த்தான். அடுப்படியிலிருந்து அவனுடைய அக்கா எட்டிப் பார்த்தாள்.

"தூசி," என்றாள் மனைவி.

"தூசியா? நான் இருக்கிற வீட்டுலயா?" அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர் அவள். தினமும் எண்ணூறு படுக்கை விரிப்புகளில் கறை தேடுகிற கண். "கொஞ்சம் நில்லும்மா." புறங்கையை நாத்தனார் முறைக்காரியின் உரிமையோடு நெற்றியில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. "அடுப்பு மாதிரி கொதிக்குது."

தெர்மாமீட்டர் நூற்றொன்றைத் தொட்டது.

இந்த வீட்டில் இருபத்திரண்டு நாளாக யாருக்கும் ராத்திரி ராத்திரியாக இல்லை, பகல் பகலாக இல்லை. ஏழாம் மாதத்தில் ரத்தக் கொதிப்பு எகிறி, இனி ஒரு மணி நேரம் தாமதித்தாலும் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று, அவளை மயக்கத்தில் ஆழ்த்தி எடுத்த பெண் குழந்தை. தொள்ளாயிரத்து அறுபது கிராம். பெற்றவள் தன் குழந்தையைப் பார்க்கவே மூன்று நாள் ஆயிற்று. அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியின் வட்ட ஓட்டை வழியாகக் கையை விட்டு, ஒரு விரலைப் பிடிக்கக் கொடுப்பதோடு சரி.

போன வாரம் பெரிய டாக்டர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். எடை ஆயிரத்து நூறைத் தாண்டட்டும், வெளியே எடுத்து நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக்கொள்ளலாம் என்று. நேற்றுக் காலை முள் ஆயிரத்து நூற்றுப் பத்தில் நின்றது. இன்று பத்து மணிக்கு நேரம் குறித்துக் கொடுத்திருந்தார்கள். நேற்றுச் சாயங்காலம் முழுக்க அவள் முன்பக்கம் திறக்கிற சட்டை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள்.

இப்போது அவளே வார்டுக்குப் போன் செய்தாள். ஒன்பது வருடமாகப் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுக்கிறவள். கோபமாகக் கூப்பிடுகிற யாரையும் ஐந்து நிமிடத்தில் "சரிங்க, நன்றிங்க" என்று வைக்கச் செய்கிற குரல். அதே குரலில் பேசினாள். "புரியுதுங்க. காய்ச்சல் விட்டு ரெண்டு நாள் கழிச்சுத்தான். ரொம்ப நன்றிங்க." வைத்தாள். வைத்த பிறகு செருப்பைக் கழற்றத் தோன்றாமல் அப்படியே சுவரில் சாய்ந்தாள்.

கைக்கு எட்டியது, அவ்வளவுதான்.

"நீங்க பாலைக் கொண்டுபோய்க் குடுங்க," என்றாள் கணவனிடம். "நான் வர்ற வரைக்கும் அவளை யாரும் வெளில எடுக்க வேணாம்னு சொல்லிடுங்க."

"யாரும்னா?"

"யாரும்னா யாரும்தான்."

"நான் எங்க எடுக்கப்போறேன்? எனக்கு அவளைத் தொடவே பயம்னு உனக்குத் தெரியாதா?"

அது உண்மை. அவன் லிஃப்ட் மெக்கானிக். பதினான்கு மாடிப் பள்ளத்தின் மேல் ஒற்றைக் கம்பியில் நின்று வேலை பார்க்கிறவன். ஆனால் அந்தப் பெட்டியின் முன்னால் நின்றால் கை தானாகப் பின்பக்கம் போய்க் கட்டிக்கொள்ளும். இருபத்திரண்டு நாளும் அவன் பார்த்ததெல்லாம் குழந்தைக்குப் பக்கத்தில் இருந்த திரையைத்தான். பச்சைக் கோடு, நீலக் கோடு, எண்கள். ஒருமுறை காற்று இழுக்கிற மோட்டாரின் பேரிங் தேய்கிறது என்று காதால் கேட்டே சொல்லி, மாற்ற வைத்தான். மெஷினோடு பழகத் தெரியும். மற்றது தெரியாது.

பேர் வைக்காத அந்தக் குழந்தைக்கு "முதலாளி" என்று பட்டம் சூட்டியவனும் அவன்தான். படுத்த இடத்திலிருந்து இத்தனை பேரை ஓட வைப்பவளுக்கு வேறு என்ன பேர் பொருந்தும் என்பான்.

*

நான்காவது மாடி வார்டில் மூத்த நர்ஸ் பால் குப்பிகளை வாங்கி, தேதியும் நேரமும் சரிபார்த்தார். பிறகு சாதாரணமாக, கையெழுத்துப் போடச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அம்மா போன் பண்ணாங்க. பரவால்ல, நீங்க இருக்கீங்களே. போய் கையையும் நெஞ்சையும் கழுவிட்டு வாங்க, தம்பி. சட்டையைக் கழட்டிடுங்க."

"இல்ல சிஸ்டர். அவங்க வந்தப்புறம்தான்னு..."

நர்ஸ் அட்டையைப் புரட்டினார். "நேத்து ஆயிரத்து நூற்றுப் பத்து. இன்னைக்கு ஆயிரத்து எண்பது. முப்பது கிராம் எறங்கிருக்கு. ராத்திரி மூணு தடவை மூச்சு விட மறந்துட்டா. குறைமாசத்துப் பிள்ளைங்க மறக்கும்தான். ஆனா வழக்கமா இவ ஒரு தடவைக்கு மேல போகமாட்டா. நெஞ்சுச் சூட்டுல வச்சா மூச்சு ஒரு ஒழுங்குக்கு வரும், நல்லாத் தூங்குவா. டியூட்டி டாக்டரும் வைக்கச் சொல்லிட்டார். இதுவும் ஒரு மருந்துதான் தம்பி. நாலு நாள் தள்ளிப் போடணும்னா தள்ளிடலாம். உங்க பிள்ளை, நீங்கதான் சொல்லணும்."

அவன் வெளியே வந்தான். நடையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தான். அவனுக்கு எப்போதுமே காலில் சக்கரம். இன்று அது இன்னும் வேகமாகச் சுற்றியது. வீட்டுக்குப் போன் அடித்தான். அக்கா எடுத்தாள்.

"இப்பதான்டா மாத்திரை போட்டுக் கண்ணசந்தா. எழுப்பவா?"

தண்ணீர் குடிக்கிற நேரம் யோசித்தான்.

"வேணாம். தூங்கட்டும்."

அவளுடைய தூக்கத்துக்காகச் சொன்னானா, அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் சொன்னானா? போனைச் சட்டைப் பையில் போடும்போது அவனுக்கே விடை தெரிந்திருந்தது.

*

சாய்வு நாற்காலியில் சட்டையில்லாமல் உட்கார்ந்தான். இரண்டு நர்ஸ்கள். ஒருவர் குழாய்களைப் பிடித்துக்கொள்ள, மூத்தவர் பெட்டியிலிருந்து இரண்டு கைகளாலும் அள்ளி எடுத்தார். அவன் கண்ணை மூடிக்கொண்டான். நெஞ்சில் ஏதோ வைக்கப்பட்டது. இன்னும் வைக்கவில்லை என்றே நினைத்தான். அவ்வளவு இலேசு. அவனுடைய பெரிய ஸ்பேனர் இதைவிடக் கனம்.

பிறகுதான் சூடு தெரிந்தது.

கண்ணைத் திறந்தான். கம்பளித் தொப்பி, மூக்கில் காற்றுக் குழாய், ஒரு பக்கமாகத் திரும்பிய முகம், நசுங்கிய கன்னம். முதுகில் பூனை முடி. பத்து விரலும் அவன் தோலில் பரவியிருந்தன. நர்ஸ் குழாயை அவன் தோளில் ஒட்டி, இருவரையும் சேர்த்து ஒரு துணியால் இறுக்கிச் சுற்றினார். அவன் வழக்கம்போலத் திரையைத் தேடினான். நர்ஸ் அதைத் தன் மேசைப் பக்கம் திருப்பிவிட்டார்.

"அதை நான் பாத்துக்கறேன். நீங்க இவளைப் பாருங்க."

"எவ்வளவு நேரம் சிஸ்டர்?"

"ஒரு மணி நேரம். நடுவுல எந்திரிக்கக் கூடாது. எடுக்கறதும் வைக்கறதும்தான் இவளுக்கு அலுப்பு."

சினிமாக் கொட்டகையில்கூட அவன் ஒரு மணி நேரம் உட்கார்ந்ததில்லை. ஐந்து நிமிடத்தில் மூக்கு அரித்தது. பத்தில் கால் மரத்தது. பெரிதாக மூச்சு விட்டால் அவளுக்குத் தூக்கிப் போடுமோ என்று அரை மூச்சாக விட்டான். தன் சொரசொரப்பான உள்ளங்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் முதுகுக்கு ஓர் அங்குலம் மேலே அந்தரத்தில் பிடித்திருந்தான். தோள் கடுத்தபோது அது தானாக இறங்கியது. அவள் முதுகு முழுவதும் அந்தக் கைக்குள் அடங்கிவிட்டது.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். மேசைத் தொலைபேசி அடித்தது.

"சொல்லுங்கம்மா," என்றார் மூத்த நர்ஸ். "காய்ச்சல் பரவால்லயா? உங்க பொண்ணுதானே, ராணி மாதிரி இருக்கா. அப்பா நெஞ்சுல படுத்து நல்லாத் தூங்கறா."

கையை ஆட்டி வேண்டாம் என்று சொல்லலாம். கை குழந்தை மேல் இருந்தது. எழுந்து ஓடிப் போய்ப் போனைப் பிடுங்கலாம், எழ முடியாது.

"அம்மா? இருக்கீங்களா?" நர்ஸ் ரிசீவரைப் பார்த்துவிட்டு வைத்தார். "லைன் கட்டாயிடுச்சு போல."

கட்டாகவில்லை என்று அவனுக்குத் தெரியும்.

பாக்கி நாற்பது நிமிடம். முள்மேல் உட்கார்ந்தவனாக உட்கார்ந்திருந்தான். என்ன சொல்வது? 'நர்ஸ்தான் முடிவு பண்ணாங்க.' பொய். 'உன்னை எழுப்ப மனசு வரல.' அது பாதிப் பொய். வாசலில் நின்று அவள் சொன்ன அந்த "யாரும்னா யாரும்தான்" காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த ஓட்டத்துக்கு நடுவில் ஏதோ ஒன்று நின்றது.

முதலில் என்னவென்று புரியவில்லை. பிறகு புரிந்தது. நெஞ்சின் மேல் தட்டிக்கொண்டிருந்த குட்டி அசைவு இல்லை. திரை திரும்பியிருந்தது. அதன் எச்சரிக்கை மணி இன்னும் அடிக்கவில்லை. அவனுக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது.

"சிஸ்டர்."

மணி அடித்தது. நான்காம் நாள் இதே மணி அடித்தபோது அவன் வார்டைவிட்டு வெளியே ஓடி, படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது ஓட வழியில்லை.

"முதுகைத் தேய்ச்சு விடுங்க தம்பி. பயப்படாம அழுத்தமாத் தேய்ங்க," என்று சொல்லிக்கொண்டே நர்ஸ் வந்தார்.

தேய்த்தான். "முதலாளி. ஏய், முதலாளி. மூச்சு விடும்மா." குரல் அவனுடையது போலவே இல்லை. மறுபடி தேய்த்தான். மறுபடி.

முகத்தைச் சுளித்தாள். தூக்கத்தில் எழுப்பிய எரிச்சலோடு ஒரு மூச்சு இழுத்தாள். பிறகு இன்னொன்று. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக.

நர்ஸ் வந்து நின்று பார்த்தார். "நீங்களே பாத்துக்கிட்டீங்களே," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு மூக்கு அரித்ததா, கால் மரத்ததா என்று அவனுக்கு நினைவில்லை.

*

பதினொன்றரைக்குப் பெரிய டாக்டர் சுற்றுக்கு வந்தார். குழந்தை மறுபடி பெட்டிக்குள் இருந்தது. அட்டையை இரண்டு முறை படித்தார்.

"ராத்திரியிலேர்ந்து நாலு தடவை. எடையும் குறைஞ்சிருக்கு. ஏதாவது தொற்று இருக்கான்னு பாத்துடுவோம். ரத்தம் எடுக்கச் சொல்றேன்." பிறகு தலையை நிமிர்த்தினார். "அம்மாவுக்குக் காய்ச்சல்னு சொன்னாங்களே. எப்பலேர்ந்து? நேத்து உள்ள வந்தப்ப சளி, தொண்டை வலி ஏதாவது இருந்துச்சா?"

"இல்ல டாக்டர். இன்னைக்குக் காலைலதான்."

"நல்லாத் தெரியுமா?"

அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

"கேட்டுச் சொல்லுங்க. சீக்கிரம் தெரிஞ்சா எனக்கு உதவியா இருக்கும். என்ன தேடணும்னு தெரியும்ல."

போன் செய்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தான். எடுக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் காலைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தான்.

*

அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்னடா பண்ணித் தொலைச்ச?" குரல் கிசுகிசுப்பாக இருந்தாலும் சூடு குறையவில்லை. "தூங்கி எந்திரிச்சா. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணா. போனைக் கீழ வச்சா. உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. பால் எடுக்கற மெஷின் அப்பலேர்ந்து ஓடுது, நிறுத்தவே மாட்டேங்கறா. நான் கேட்டா 'ஒண்ணுமில்ல அண்ணி'ங்கறா. ஒண்ணுமில்லன்னா இப்படியா இருக்கும்?"

படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் அந்த மெஷின் இழுத்து இழுத்து ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டினான்.

"வராதீங்க. காய்ச்சல் ஒட்டிக்கும். நீங்களும் போக முடியாமப் போயிடும்." அலுவலகக் குரல். அவனைப் புகார் சொல்ல வந்த ஆள் மாதிரி நிறுத்தியது அது.

"நான் சொல்றதைக் கேளு."

"அவளை வயித்துலேர்ந்து எடுத்தப்ப நான் மயக்கத்துல கிடந்தேன். முதல்ல பாத்தது நீங்க. இன்னைக்கு நான் தூங்கிக் கிடந்தேன். முதல்ல தூக்கினதும் நீங்க." மெஷின் நாலைந்து இழுப்பு இழுத்தது. "பெத்தவன்னு எனக்கு என்ன மிச்சம் வச்சிருக்கீங்க?"

அக்கா தரையைப் பார்த்தாள்.

"அக்கா எழுப்பவான்னு கேட்டா," என்றான் கதவைப் பார்த்து. "நான்தான் வேணாம்னேன்."

"ஏன்?"

"நீ வேணாம்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு."

அவன் எதையும் மென்று முழுங்காமல் சொன்னான். முப்பது கிராம் இறங்கியது, ராத்திரி மூன்று முறை, நெஞ்சின் மேல் ஒரு முறை. நான்காம் நாள் தான் படிக்கட்டுக்கு ஓடியதையும் சொன்னான். சொல்லத் திட்டமிடவில்லை, வந்துவிட்டது.

"நீங்க அன்னைக்குக் கீழ டீ குடிக்கப் போனேன்னு சொன்னீங்க."

"ஆமா. சொன்னேன்."

அடுத்த கேள்வி, குரல் மாறி, கதவுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. "எப்படி இருந்தா?"

"கனமே இல்ல. ஆனா சூடு இருக்கே, இத்தனூண்டு உடம்புல, எனக்கு வேர்த்துடுச்சு. மூச்சு நின்னப்ப எழுப்பினேன் பாரு, மொறைச்சா. அப்படியே உன் மொறைப்பு."

உள்ளே சிரிப்போ அழுகையோ, மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது.

"டாக்டர் ஒண்ணு கேட்கச் சொன்னார். தொற்று இருக்கான்னு ரத்தம் எடுத்திருக்காங்க. நேத்து நீ உள்ள போனப்ப உனக்கு ஏதாவது இருந்துச்சான்னு கேக்கறார். இல்லன்னு சொல்லிட்டேன். சரிதானே?"

மெஷின் நின்றது.



"முந்தாநாள் ராத்திரியே தொண்டை கரகரன்னுச்சு," என்றாள். "நேத்துக் காலைல வலி இருந்துச்சு. வார்டு வாசல்ல நோட்டுல எழுதச் சொல்வாங்கல்ல, சளி உண்டா, காய்ச்சல் உண்டான்னு. எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு எழுதிட்டுத்தான் உள்ள போனேன். மாஸ்க் போட்டிருந்தேன். கையை நாலு தடவை கழுவினேன். உண்மையைச் சொன்னா இன்னைக்கு விடமாட்டாங்கன்னு..." வார்த்தை உடைந்தது. "விரலைக் குடுத்தேன். பிடிச்சுக்கிட்டா. என்னாலதானா?"

கறை என்றால் விரிப்பைத் திருப்பி அனுப்புகிற அக்கா அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளர் வெந்நீரோடு வந்து, கதவோரம் வைத்தாள்.

"தெரியாதும்மா," என்றான் அவன். "இல்லன்னு சொல்ல ஆசையா இருக்கு. எனக்குத் தெரியாது. நாளைக்குக் காலைல ரத்த ரிசல்ட் வரும்னாங்க. நான் டாக்டருக்குப் போன் பண்ணிச் சொல்றேன்."

"நானே சொல்றேன்."

எண்களை அழுத்தும் ஓசை கேட்டது. அவனும் அக்காவும் கதவுக்கு வெளியே, ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

"டாக்டர், மூணாம் பெட்டிக் குழந்தையோட அம்மா பேசறேன்." ஒன்பது வருடம் பழக்கிய குரல் இரண்டாவது வார்த்தையிலேயே அவளைக் கைவிட்டது. "நேத்து எனக்குத் தொண்டை வலி இருந்துச்சு. நான் மறைச்சுட்டேன். நோட்டுலயும் இல்லைன்னு எழுதினேன். ஆமாங்க... ஆமாங்க, நேத்து பத்து மணிலேர்ந்து பன்னண்டு வரைக்கும்... தொட்டேன்."

பிறகு அவள் கேட்க மட்டும் செய்தாள். நீண்ட நேரம் கேட்டாள்.

"இப்பவேவா டாக்டர்?"

தாழ்ப்பாள் விலகியது. இரண்டு மாஸ்க்கை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நின்றாள். கண் சிவந்து, முடி கலைந்து, கையில் ஒரு புது குப்பிப் பால்.

"என் மூக்குலேர்ந்து சாம்பிள் எடுக்கணுமாம். எனக்கு என்ன இருக்குன்னு தெரிஞ்சா, அவகிட்ட அதைத் தேடுவாங்களாம். கீழ்த்தளத்துல ஆள் நிக்கும்னார். திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

"பாலை நான் மேல கொண்டுபோறேன்," என்றான். "உன்னை மேல விடமாட்டாங்க."

"தெரியும்." காலையில் உதறிவிட்ட செருப்பைத் தேடி மாட்டினாள். இந்த முறை இரண்டு காலிலும். "கீழயே நிக்கறேன். அவ இருக்கற கட்டடத்துல நானும் இருப்பேன்ல."